எதிரே வந்த இரண்டு விளக்குகள்

பெப்ரவரி 11, செவ்வாய்

பத்திரிகைக்கு மூன்று செய்திகள் அனுப்பினேன். அறுவடை நேரத்தில் தம்பலகாமத்தில் பெய்த மழை. பாலையூற்றில், எங்கள் ஒழுங்கை முகப்பில் உடைந்து கிடக்கும் வடிகால் மூடி. மூன்றாவது, பொலிஸாரின் அறிவித்தல்: வாகனங்களில் பிறகு பூட்டிய மேலதிக விளக்குகளைக் கழற்ற வேண்டும், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்கள் பிடிக்கப்படும், கிராமத்து வீதிகளில் இரவுச் சோதனை நடக்கும்.

மூன்றாவதை நான்கு பந்திகளில் எழுதினேன். கடைசிப் பந்தியில், சனம் ஏன் அந்த விளக்குகளைப் பூட்டுகிறது என்று சொல்லியிருந்தேன். வயல்வீதியில் கம்பத்து விளக்கு இல்லை. நடுவீதியில் மாடு படுத்திருக்கும். வண்டியோடு வந்த விளக்கு அதற்குப் போதாது. செய்தி ஆசிரியர் அந்தப் பந்தியை வெட்டிவிட்டார். இடமில்லையாம்.

முப்பத்தொரு வருடமாக இடமில்லை.

கண் வைத்தியரிடம் போகச் சொல்லி மனைவி பூரணி மூன்றாம் தரம் சொன்னாள். மாதம் முடியட்டும் என்றேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

செய்தி இல்லை. மழையும் இல்லை.

பெப்ரவரி 20, வியாழன். கந்தளாய்

இரவு 9.30. தங்கை ஜெயரூபி வீட்டில் தங்கியிருக்கிறேன். நாளைக் காலை ஒன்பதுக்குக் குளத்தடியில் விவசாயிகள் கூட்டம்.

பின்னேரம் கிண்ணியாவில் ஆதம்பாவாவைப் பார்த்தேன். முழங்கால் சத்திரசிகிச்சை செய்து பன்னிரண்டு நாளாகிறது. எங்கள் பத்திரிகைக்கு இருபத்தெட்டு வருடம் ஏஜென்டாக இருந்த மனிதர், கட்டிலில் கிடந்தபடி இன்றைய பேப்பரில் பிழை தேடிக்கொண்டிருந்தார். "சிங்கம், உங்கட பேப்பர்ல மரண அறிவித்தல் மட்டுந்தான் பிழையில்லாம வருது. அது ஏனெண்டா நீங்க எழுதுறல்ல" என்றார். அவர் மனைவி ரபீக்கா தந்த பிளேன்ரீயைக் குடித்தேன். 7.25க்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

7.40க்கு மதகடியில் பொலிஸ். மூன்று பேர். லைசன் பார்த்தார்கள், பின்விளக்கைப் பார்த்தார்கள், ஐந்தாறு நிமிடம் கழித்து விட்டார்கள்.

அதன் பிறகு, வரும் வழியில் இரண்டு பேருக்கு லைட் அடித்துக் காட்டினேன். முதலாவது 7.50 அளவில். ஒற்றை விளக்கு. மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைத்தேன், கிட்ட வந்தபோது உழவு இயந்திரம். இரண்டாவது ஐந்தாறு நிமிடம் கழித்து, உண்மையாகவே மோட்டார் சைக்கிள். கீழே இரண்டு வெள்ளை விளக்குப் பூட்டியிருந்தான், கண் கூசியது. இரண்டு தரம் அடித்தேன். உடனே அந்த இரண்டையும் அணைத்தான். கடக்கும்போது நன்றிக்கு ஹோர்ன் அடித்தான், ஒருதரம்.

முன்னுக்குச் சோதனை நிற்கிறது என்றால் எதிரே வருகிறவனுக்கு இரண்டு தரம் காட்டிவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. யுத்தத்தில், சந்திக்குச் சந்தி சோதிக்கிற சென்றிப்பொயின்ற் காலத்தில் எனக்கு எத்தனை பேர் காட்டியிருப்பார்கள்? அதில் ஒருவனுடைய முகமும் எனக்குத் தெரியாது.

ஜெயரூபி குளத்து மீன் குழம்பு வைத்திருந்தாள். நல்ல நித்திரை வரும்.

பெப்ரவரி 21, வெள்ளி

காலை 5.50க்குத் தொலைபேசி. எனக்கு வழக்கமாகத் தகவல் தருகிற பொலிஸ் உத்தியோகத்தர். தம்பலகாமம்–கிண்ணியா வீதியில் நேற்றிரவு எட்டு மணியளவில் விபத்து. ஆலங்கேணியைச் சேர்ந்த சசிகரன், வயது 32, கந்தளாயில் அரிசி ஆலையில் வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர், நிறுத்தியிருந்த உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் பின்னால் மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். சாரதி றுவைஸ், வயது 34, கிண்ணியா, கைது. இயந்திரம் அந்திப்பட்டதிலிருந்து விளக்கில்லாமல் வீதியில் நின்றதாம்.

6.10க்கு எழுதத் தொடங்கி 6.25க்கு அனுப்பினேன். நூற்றுப் பதினெட்டுச் சொற்கள்.

அனுப்பிய பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரவு வந்த வீதி என்று தெரியும். அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முன் படம் எடுக்கலாம் என்று அந்த இடத்துக்குப் போனேன். வயலோரம். உழவு இயந்திரத்தின் இடது விளக்கு உடைந்திருந்தது. உடைந்த குழிக்குள் உரப்பை திணித்திருந்தது. வலது விளக்கு நன்றாக இருந்தது. அதாவது, ஒற்றை விளக்கு.

பெட்டி நிறைய நெல்மூட்டைகள், மேலே மூடிக் கட்டிய கரும்பச்சைப் படங்கு. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, ஒளிதெறிக்கும் தகடும் இல்லை. இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் வீதியை விட்டுப் புல்லில் இறங்கியிருந்தன. ஓரம் கட்டித்தான் நிறுத்தியிருக்கிறான். பொலிஸ் நின்ற மதகடியிலிருந்து அந்த இடத்துக்கு நடந்து பார்த்தேன். இருபது நிமிடம் பிடித்தது.

மோட்டார் சைக்கிளை வரப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்பக்கம் இல்லை. கீழே பூட்டியிருந்த இரண்டு வெள்ளை விளக்கில் ஒன்று உடைந்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது. இடது கைபிடியில் சின்னச் சிவப்புச் சுவிட்ச்.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் விரலால் சுவிட்சைக் காட்டினார். "ஓஃப்ல இருந்தது ஐயா. இவ்வளவு பெரிய லைட் பூட்டியும் போடாமத்தான் வந்திருக்கு. விதிதானே."

ஆறு படங்கள் எடுத்தேன். ஒன்பதுக்குக் குளத்தடிக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று தீர்மானங்கள். குறிப்பு எடுத்தேன், எழுதினேன், அனுப்பினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். பூரணி கூட்டம் எப்படி என்று கேட்டாள். நல்லது என்றேன். சாப்பிட்டேன். கீரை என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 22, சனி

முதற்பக்கத்தில் கீழே வந்திருக்கிறது. "மாலை முதல் விளக்கின்றி வீதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் மோதி" — என் வசனம். "பொலிஸார் தெரிவித்தனர்" என்ற இரண்டு சொல்லை நான் போடவில்லை. தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன். நானே கண்டதுபோல நிற்கிறது.

உண்மையில் நான் கண்டவன். 7.50க்கு அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கோடு.

இந்தமுறை ஒரு சொல்லும் வெட்டவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஆலங்கேணி. சசிகரனின் அடக்கம் இன்று. செய்தியாளன் என்ற முறையில் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை.

அவருடைய மனைவி பிரசாந்தினி, முன்பள்ளி ஆசிரியை. இருபத்தொன்பது வயதிருக்கும். அழுது முடிந்த முகம். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மைத்துனரிடம், ஆலையில் இருந்து வந்தவர்களிடம், குருக்களிடம்கூட. என்னிடமும் கேட்டார்.

"ஏன் அண்டைக்கு அந்த லைட்டைப் போடேல்ல? போன வருசம் மாட்டோட அடிபட்டு விழுந்தவர். நான்தான் சண்டைபிடிச்சு அந்த லைட்டைப் பூட்ட வச்சனான். அந்த ரோட்டில அது போடாம வரவே மாட்டார். நீங்கள் பேப்பர்காரர்தானே, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."

விசாரிக்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

என் செய்தியை முகநூலில் யாரோ போட்டிருக்கிறார்கள். கீழே நூற்றுக்கு மேற்பட்ட பேர் எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்றே விட்டுப்போனான் என்கிறார்கள். எந்த ஊரான், எங்கள் பொடியன், அவர்கள் எப்போதும் இப்படித்தான் என்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒன்று தமிழ், மற்றது முஸ்லிம். "மாலை முதல்" என்ற இரண்டு சொல்லைத்தான் பிடித்து இழுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் வாசித்தேன்.

இரவு ஆதம்பாவா பேசினார். றுவைஸ் அவருக்கு மூன்றாம் வீடு. விளக்கமறியலில் வைத்திருக்கிறார்களாம். பொலிஸ் முன்னுக்கு நிற்குது என்று யாரோ மோட்டார் சைக்கிள்காரன் லைட் அடித்துக் காட்டினான், அதனால்தான் ஓரம் போட்டு அணைத்துவிட்டு நின்றேன், பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான் இருக்கும் என்று சொல்கிறானாம். ஒருவரும் நம்பவில்லையாம். ஆதம்பாவா கடைசியாக "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

லைன் தெளிவில்லை என்றேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 27, வியாழன்

இருபதாம் திகதிக் குறிப்பை மறுபடி வாசித்தேன். என் கையெழுத்து. நல்ல நித்திரை வரும் என்று முடித்திருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

ஆதம்பாவா வரச்சொல்லியிருந்தார். பகலில் போனேன், கிண்ணியாப் பாலத்தால். அந்த வீதியால் போகவில்லை.

றுவைஸின் மனைவி நஜ்முன் நிஸா அங்கே இருந்தார். கையில் என் செய்தியை வெட்டி வைத்திருந்தார். நாலாக மடித்து, மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.

"இது நீங்க எழுதினதாமே, சேர்."

ஓம் என்றேன்.

"அவர் அந்திக்கு அங்க நிக்கவேயில்ல. மஹ்ரிபுக்கு வயல்லதான் நிண்டவர். தொழுதுட்டு, மூட்டை ஏத்தி, ஏழு மணிக்குப் பிறகுதான் எடுத்தவர். எனக்கு கோல் பண்ணி, புட்டு அவிச்சு வைக்கச் சொன்னவர்." குரல் உயரவில்லை. கூலிக்கு ஏத்தினவங்க ரெண்டு பேரும் அவருடைய சொந்தக்காரர், அதனால் கணக்கெடுக்க மாட்டாங்களாம் என்றார். "லோயர் சொல்றார், லைட் அடிச்ச ஆள் ஒராள் வந்து சொன்னாப் போதுமாம். ஆர் சேர் வருவான்? அவன் அடிச்சுட்டு அவன்ட பாட்டுல போயிருப்பான்."

நான் தண்ணீர் கேட்டேன். ரபீக்கா கொண்டுவந்து தந்தார்.

நஜ்முன் நிஸா போன பிறகு ஆதம்பாவா வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சிங்கம், அண்டைக்கு நீங்க இங்கருந்து எத்தின மணிக்கு போனீங்க?"

"ஏழு இருபத்தஞ்சு."

"ம்."

வாசல்வரை வரமுடியாத மனிதர், தடியை ஊன்றி எழும்பி நின்று என்னை அனுப்பிவைத்தார்.

மார்ச் 5, புதன்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் ஒழுங்குவரும்.

நான் செய்தது என்ன? விளக்கை இரண்டு தரம் அடித்தேன். அவன் அணைத்தது அவன் முடிவு. பின்விளக்கு இல்லாமல் இரவில் நெல் ஏற்றியது அவன் பிழை. இதெல்லாம் சரி. ஆனால் "மாலை முதல்" என்று எழுதினவன் யார்? அது பொய்யென்று அடுத்தநாள் காலை எட்டு மணிக்கே தெரிந்தவன் யார்? பன்னிரண்டு நாளாக வாய்திறக்காமல் இருக்கிறவன் ஆர்? கூட்டத்துக்குப் போய் மூன்று தீர்மானம் குறிச்சுக்கொண்டு வந்தவன்தானே—

மற்றவர்கள் பிழைவிட்டால் பெயர், வயது, ஊர் போட்டு எழுதுகிறேன். இரத்தினசிங்கம், வயது 61, பாலையூற்று. எழுதிப் பார்த்தேன். என்னை ஒன்றும் செய்யவில்லை. வெறும் எழுத்து.

இரவு பூரணியிடம் சொன்னேன். உழவு இயந்திரத்தைப் பற்றி மட்டும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ. ரெண்டு கிழமையா நீங்கள் சாப்பிடுறது சாப்பாடில்ல."

மார்ச் 7, வெள்ளி

பொலிஸ் நிலையம். வாக்குமூலம். காலை 10.15 முதல் 11.40 வரை.

நேரம், இடம், ஒற்றை விளக்கு, உரப்பை திணித்த குழி, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மதகடியில் நின்ற பொலிஸார் தங்கள் புத்தகத்தில் என் வண்டி இலக்கத்தை 7.40 என்று குறித்திருந்தார்கள். அதனால் நம்பினார்கள். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் இளையவர், நல்ல தமிழ் பேசினார். "ஐயா, நாங்கள் விபத்து வராமல் இருக்கத்தான் நிக்கிறம். நீங்கள் எங்களிட்ட இருந்து அவங்களைக் காப்பாத்துறீங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் களைப்பாக இருந்தது.

கடைசியில் கேட்டார்: "வேற ஆருக்கும் அடிச்சுக் காட்டினீங்களா?"

"நினைவில்லை."

எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பூரணி இரண்டாந்தரம் போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நீதவான் நீதிமன்றம். என் வாக்குமூலம் சமர்ப்பிக்கப்பட்டது. இயந்திரம் மாலை முதல் அங்கே நிற்கவில்லை என்பதைப் பொலிஸாரும் ஒத்துக்கொண்டார்கள். றுவைஸுக்குப் பிணை. பின்விளக்கு இல்லாத குற்றம் அப்படியே இருக்கிறது, விபத்து மரண வழக்கும் நடக்கும். ஆனால் இன்று இரவு அவன் வீட்டில் படுப்பான்.

வெளியே மரத்தடியில் என்னிடம் வந்தான். நெட்டையான மனிதன், பத்தொன்பது நாளில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது.

"நீங்கதானா, சேர்?" என்று என் இரண்டு கையையும் பிடித்தான். "நீங்க நல்லதுக்குத்தானே காட்டினீங்க. நான் லைட்டோட ஓரத்துல நிண்டிருக்கலாம். பயத்துல எல்லாத்தையும் ஓஃப் பண்ணிட்டன்."

அவனே தொடர்ந்தான். பின்சில்லு மட்காட்டின் மேல் இருந்துகொண்டு பொலிஸ் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தானாம். பின்னால் மோட்டார் சைக்கிள் வருவது தெரிந்ததாம்.

"சின்ன லைட், சேர். மங்கின லைட். கனதூரத்துல வருது எண்டு நினைச்சன். இன்னும் நேரம் இருக்கெண்டு நினைச்சன். கிட்டத்தான் வந்திருக்கு."

கையை விட்டான். நஜ்முன் நிஸா தூரத்தில் நின்று தலையசைத்தார். முச்சக்கரவண்டியில் ஏறிப் போனார்கள்.

சின்ன லைட். நான்தான் அதைச் சின்னதாக்கினேன்.

மார்ச் 13, வியாழன்

திருத்தம் வந்திருக்கிறது. பதினோராம் பக்கம், வானிலைக்குக் கீழே. "பெப்ரவரி 22ஆம் திகதி வெளியான விபத்துச் செய்தியில் உழவு இயந்திரம் மாலை முதல் நிறுத்தப்பட்டிருந்ததாகக் குறிப்பிட்டது தவறு. விபத்துக்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே அது நிறுத்தப்பட்டது."

என் முதல் திருத்தம். செய்தி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணை, இதை ஒருத்தரும் வாசிக்கப் போறதில்லை. ஏன் உங்கட பேரைக் கெடுக்கிறீங்கள்?"

ஒருவர் வாசித்திருக்கிறார். ஆதம்பாவா. காலை ஆறரைக்கு எடுத்து, "இண்டைக்கு ரெண்டு விசயம் பிழையில்லாம வந்திருக்கு" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

கண் வைத்தியரிடம் போனேன். இடது கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறதாம். இரவில் எதிரே வருகிற வெளிச்சம் கூசும் என்றார்.

அன்று கூசியது. அதனால்தான் அவனுக்கு அடித்தேனா? பொலிஸுக்காகவா, என் கண்ணுக்காகவா? இரண்டுக்கும் சேர்த்தா? யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. அந்த நேரத்தில் விரல் தானாகப் போனது.

மார்ச் 22, சனி

சசிகரனின் முப்பத்தோராம் நாள் காரியம். ஆலங்கேணி.

சாப்பாடு முடிந்து சனம் போகும்வரை வேலியோரக் கதிரையில் இருந்தேன். மூன்றரைக்குப் பிரசாந்தினி வந்து எதிரே இருந்தார். திருத்தத்தை வாசித்தேன் என்றார். றுவைஸின் மனைவி ஒருநாள் வந்து போனதாகவும் சொன்னார். இருவரும் இருந்துவிட்டு எழும்பினார்களாம்.

"விசாரிச்சுச் சொல்லுறன் எண்டனீங்கள்."

அப்போது சொன்னேன். நேரம், இடம், இரண்டு வெள்ளை விளக்கு, நான் அடித்தது, அவர் உடனே அணைத்தது. கூட்டாமல் குறைக்காமல். பொலிஸில் இதைச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

பிரசாந்தினி ஒரு கேள்வி கேட்டார்.

"கடந்து போகேக்க ஹோர்ன் அடிச்சவரா?"

"ஓம். ஒருதரம்."

"அப்ப அவர்தான்." மடியில் இருந்த சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார். "ஆர் என்ன உதவி செய்தாலும் ஒரு ஹோர்ன் அடிப்பார். ரோட்டில மாடு விலகினாலும் அடிப்பார்."

எழும்பி உள்ளே போனார். நான் இருந்தேன். குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்கள் போங்கோ. பொலிஸிலயும் சொல்லுங்கோ. இனி இஞ்ச வரவேண்டாம்."

போனேன்.

மார்ச் 24, திங்கள்

மேலதிக வாக்குமூலம். "நினைவில்லை என்று முன்னர் கூறியது பொய்." சார்ஜன்ட் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அதனால் யாருக்கும் எதுவும் மாறாது என்றார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

செய்திகள் இரண்டு. பின்னேரம் ஆறுக்குப் பிறகு வண்டி எடுப்பதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்தோம். வெளியே போகவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மத்தியானம் தொலைபேசி. தெரியாத இலக்கம். பிரசாந்தினி.

நீதிமன்றம் மோட்டார் சைக்கிளை விடுவித்துவிட்டதாம், முற்றத்தில் நிற்கிறதாம். பற்றரி செத்துப்போய்விட்டது. "உங்கட வண்டியில வாங்கோ. பொழுதுபட வாங்கோ" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஆறரைக்கு அங்கே இருந்தேன். இருட்டும்வரை முற்றத்தில் இருந்தோம். பிறகு என் வண்டிப் பற்றரியைக் கழற்றினேன், அவர் போனில் வெளிச்சம் பிடித்தார். சசிகரனின் வண்டியில் வைத்து வயரைப் பூட்டினேன். சிவப்புச் சுவிட்சைத் தட்டினேன். உடையாத அந்த ஒரு விளக்கு எரிந்தது. ஒழுங்கையின் கடைசிவரை வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் போனை என்னிடம் தந்துவிட்டு அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போனார். நான் காலடிகளை எண்ணினேன். அறுபத்துநான்கில் நின்று திரும்பினார்.

"தெரியிறனா?"

"ஓம். நல்லாத் தெரியுது."

"இப்ப அதை ஓஃப் பண்ணிப்போட்டு என்ர போனைப் பிடியுங்கோ. அவற்ற ஹெட்லைட் அவ்வளவுதான் இருந்தது."

விளக்கை அணைத்தேன். போனைப் பிடித்தேன். முன்னால் கொஞ்சம் மண் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"தெரியிறனா?"

"இல்லை."

நடக்கிற சத்தம். "இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை, பிள்ளை."

மறுபடி நடந்தார். முதலில் செருப்பு தெரிந்தது, பிறகு சேலைக்கரை, பிறகு அவர். "இப்ப" என்றேன். அந்த இடத்திலேயே நின்றார். தான் நின்ற இடத்திலிருந்து எனக்கு எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்று.

"பதினொண்டு" என்றார்.

"பதினொண்டு" என்றேன்.

போனை வாங்கிக்கொண்டார். படியில் போய் இருந்தார். இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்றார், எனக்கல்ல, பொதுவாக. கொஞ்சநேரம் கழித்து, பற்றரியைக் கழற்ற நான் குனிந்தபோது சொன்னார்.

"விடுங்கோ. இண்டைக்கு ஒரு இரவு எரியட்டும்."

சுவிட்சைப் போட்டேன். ஒழுங்கை வெளித்தது. பற்றரி விடியும்வரை தாங்காது என்று தெரியும். சொல்லவில்லை.

கடைசி பஸ்ஸில் வந்தேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. என் வண்டி அங்கே நிற்கிறது. நாளை பகலில் போய் எடுக்கவேண்டும். எட்டுக்குப் பிறகு வரச்சொன்னார், காலையில் அவருக்கு முன்பள்ளி இருக்கிறதாம், படலைப் பூட்டின் திறப்பை அங்கே வந்து தன்னிடம் வாங்கலாமாம்.